உப்புச் சரிவு

மே 28

மாப்பிள்ளைக்கு,

நான் நலம். நீங்களும் தங்கச்சியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. மேலே லாட்ஜில் போன் எடுக்காது. போன் எடுக்கிற செக்போஸ்ட்டுக்கு இறங்கி வந்தாலும், என் நம்பரைப் பார்த்ததும் உங்களுக்குக் காது அடைத்துவிடுகிறது. அதனால் சாமான் வண்டி டிரைவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கிழிப்பதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

இங்கே கீழே ஊரில், தையல் கடைக்கு மேலே ஓர் அறை. நாள் முழுக்க மிஷின் சத்தம். காலொடிந்தவனுக்கு மாடியில் அறை பார்த்த புத்திசாலி யாரென்று கேட்காதீர்கள், நானேதான். எலும்பு கூடிவிட்டதாம். மழைக்காலம் முடிவதற்குள் கைத்தடியைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். 'மச்சான் கவனமில்லாம நடந்து விழுந்துட்டாரு' என்று வருகிற போகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்கிறீர்களாம். இந்தத் தேசியப் பூங்காவில் வழிகாட்டியாக நடந்தே தலை நரைத்தவன் நான். என் கால் வழுக்கவில்லை, மாப்பிள்ளை. உப்புப் பாறைக்குப் பக்கத்தில் நான் நின்ற தரை உள்ளே போனது. மேலே புல் இருந்தது. புல்லுக்குக் கீழே மண் இல்லை. இதை ஆஸ்பத்திரியிலேயே உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஆரஞ்சு உரித்துக்கொண்டே 'ம்' கொட்டினீர்கள்.

லாட்ஜுக்குப் பின்னால் உள்ள சரிவில் அந்தப் பாறைமேல் உப்புக்கட்டி வைத்தால் மலையாடுகள் இறங்கி வரும், சாப்பாட்டு அறைக் கண்ணாடி வழியாக விருந்தாளிகள் பார்ப்பார்கள் என்று நாம் இருவரும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். அதை மறுக்கவில்லை. பூங்கா அலுவலகம் கூடாது என்று சொன்ன பிறகு நிறுத்துவதாக என் கையில் அடித்துச் சொன்னீர்கள். இப்போது டிரைவர் வேறு கதை சொல்கிறான். "கட்டியெல்லாம் வைக்கிறதில்ல அண்ணே. பக்கெட்டுல கரைச்சு ஊத்திடறாரு. ஆபீஸ்காரங்க வந்தா கண்ணுக்கே தெரியாதுல்ல?"

கட்டியை ஆடு நக்கும். கரைத்து ஊற்றினால் உப்பு மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆடு மண்ணைத் தோண்டும். அந்தச் சரிவின் அடியில்தான் உங்கள் சமையலறை இருக்கிறது. தயவுசெய்து நிறுத்துங்கள். தங்கச்சியை மழை பிடிப்பதற்குள் இங்கே அனுப்பி வையுங்கள். பிள்ளைத்தாச்சி அந்த மலையில் இருக்க வேண்டாம். பிரசவத்துக்கு இங்கே ஆஸ்பத்திரி பக்கம்.

உங்கள் மச்சான்


ஜூன் 7

அன்புள்ள மச்சானுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. உங்கள் தங்கை பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டாள். படித்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "அண்ணனுக்குக் கால்தான் ஒடிஞ்சுது. வாய் நல்லாத்தான் இருக்கு." நான் சிரிக்கவே இல்லை, சத்தியமாக.

நீங்கள் அங்கே மிஷின் சத்தத்தைக் கேட்டபடி கற்பனைக் குதிரையைத் தட்டிவிட்டிருக்கிறீர்கள். இங்கே நிலவரம் என்ன? அறைகள் நிறைந்து வழிகின்றன. 'காலை உணவோடு மலையாடு' என்ற பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கையில் டீயோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். நம் தாடிக்காரர், அந்தக் கிழட்டுக் கிடா, மந்தையைக் கூட்டிக்கொண்டு மூடுபனியிலிருந்து இறங்கி வரும்போது ஒரு பெரியவர் கைதட்டியே விட்டார். தாடிக்காரர் நின்று திரும்பிப் பார்த்தது பாருங்கள், மேடையேறிய தலைவர் தோற்றார்.

தோண்டுகின்றனதான். இல்லை என்று சொல்லவில்லை. முன்னங்காலால் கிளறி, முகத்தைக் குழிக்குள் விட்டு நக்குகின்றன. அது நக்குவதைவிடப் பார்க்க நன்றாக இருக்கிறது என்று விருந்தாளிகளே சொல்கிறார்கள். இவ்வளவு பெரிய மலை, நாலு ஆடு கால் வைத்தால் கரைந்துவிடுமா? உப்பு யோசனை சொன்ன புண்ணியவானும் நீங்கள்தான். இப்போது கீழே போய் உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்கிறீர்கள்.

உங்கள் தங்கை சீசன் முடியட்டும் என்கிறாள். நான் வற்புறுத்தவில்லை. அவள் இல்லாவிட்டால் சமையலறையில் எனக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. அந்தச் சமையலறைக் கதவு வேறு இப்போது அடியில் இழுக்கிறது. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும். தச்சரை வரச் சொல்லி அடிப்பக்கம் கொஞ்சம் சீவ வேண்டும்.

காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாய்க்கு ஓய்வு கொடுங்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஜூன் 14

மாப்பிள்ளைக்கு,

கதவைச் சீவாதீர்கள்.

கதவு ஊதினால் எல்லாப் பக்கமும் பிடிக்கும். அடியில் மட்டும் இழுக்கிறது என்றால் கதவு மாறவில்லை, நிலைச்சட்டம் சாய்ந்திருக்கிறது. பின்சுவர் அசைந்திருக்கிறது. உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. நான் பயந்துபோய் எழுதுகிறேன்.

அன்று நான் விழுந்ததைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவே இல்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சத்தம் வரவில்லை. வலது கால் இடுப்பு வரை உள்ளே போனது. இழுக்கப் பார்த்தபோது சுற்றியிருந்த புல்தரை முழுக்க, மேசைமேல் விரித்த துணியைப் போல என்னோடு சேர்ந்து நகர்ந்தது. கீழே கையை விட்டால் ஈரக் காற்று. அந்தக் காற்றை இன்னும் மறக்க முடியவில்லை. என்னைத் தூக்கியவர்கள் காலைப் பார்த்தார்களே தவிர குழியைப் பார்க்கவில்லை.

ஒன்றே ஒன்று செய்யுங்கள். உப்புப் பாறையைத் தாண்டி மேலே ஏறி, மரங்கள் தொடங்குகிற இடத்துக்குப் போங்கள். தரையில் குறுக்காக வெடிப்பு ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு நீளக் கம்பை உள்ளே விட்டுப் பாருங்கள். அங்கே நிற்கிற மரங்கள் நேராக நிற்கின்றனவா, சாய்ந்திருக்கின்றனவா என்றும் எழுதுங்கள். பாறைப் பக்கம் மட்டும் நிற்காதீர்கள்.

தங்கச்சியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். மறைக்காதீர்கள்.

மச்சான்


ஜூன் 30

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் ஆணைப்படி அடியேன் மலையேறினேன். வெடிப்பு இருக்கிறது. ஒரு கோடு. உங்கள் கைத்தடி அகலம் இருக்கலாம், மரங்களை ஒட்டியே ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை ஓடுகிறது. கம்பை விட்டுப் பார்த்தேன். கம்பு உள்ளே போய்விட்டது. அதாவது முழுக்கப் போய்விட்டது, திரும்பக் கிடைக்கவில்லை. நல்ல கம்பு.

மரங்கள் கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கின்றன. இந்த மலையில் காற்றுக்குச் சாயாத மரம் எது? ஆனாலும் உங்கள் மனசாந்திக்காகச் சரளைக்கல்லும் மண்ணும் கொட்டி அந்தக் கோட்டை அடைத்து, மேலே ஏறி நன்றாக மிதித்துவிட்டு வந்திருக்கிறேன். இப்போது பார்த்தால் வெடிப்பு இருந்ததே தெரியாது.

என் கவலை வேறு. மந்தை வரவில்லை. மழை தொடங்கிய வாரத்திலிருந்து ஓர் ஆடுகூடச் சரிவில் கால் வைக்கவில்லை. தாடிக்காரர் மட்டும் ஒரு நாள் காலையில் மர வரிசை வரை வந்தார். நின்றார். முன்னங்காலைத் தூக்கித் தரையில் வைத்துப் பார்த்தார், சூடான தோசைக்கல்லைத் தொட்டுப் பார்ப்பது போல. பிறகு திரும்பிப் போய்விட்டார். அதோடு சரி. விருந்தாளிகள் கண்ணாடியைப் பார்த்தபடி ரொட்டியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் அம்மாள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "பலகையில எழுதியிருக்கறதை அழிச்சிடலாமே?" மானம் போயிற்று.

மழை உப்பைக் கழுவிவிட்டது, அதுதான் காரணம். அதனால் கரைசலைக் கெட்டியாக்கி, இன்னும் மேலே, மரங்களுக்குப் பக்கத்திலேயே ஊற்ற ஆரம்பித்திருக்கிறேன். வாசனை பிடித்து வந்துவிடும்.

உங்கள் தங்கை முன்னைப் போலக் கிண்டல் செய்வதில்லை. நேற்று பாத்திரம் துலக்கிக்கொண்டே, "அண்ணன் சும்மா எதையும் சொல்ல மாட்டாரு" என்றாள். பார்த்தீர்களா, கடிதம் எழுதியே என் வீட்டில் கட்சி பிரித்துவிட்டீர்கள்.

மாப்பிள்ளை


ஜூலை 8

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். வெடிப்பை மிதித்து மூடினீர்களா? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைத்த கதையாக இருக்கிறது. அதன்மேல் உப்புத் தண்ணீரை வேறு ஊற்றுகிறீர்கள். உங்களுக்கு என்ன பெயர் வைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆடுகள் உப்பு இல்லாமல் போகவில்லை. உப்பு இருந்தும் போய்விட்டன. அந்தத் தரையில் தங்கள் எடையை வைக்க அவற்றுக்கு மனமில்லை. இதை இதற்குமேல் விளக்கமாக எனக்குச் சொல்லத் தெரியாது.

நேற்று கைத்தடியை ஊன்றிக்கொண்டு பூங்காவின் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். மாடி, வழக்கம்போல. அதிகாரி என்னைப் பார்த்ததும் நாற்காலி போடச் சொன்னார். சரிவைப் பற்றிச் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "புகாரா எழுதிக் குடுத்தா நோட்டீஸ் போகும். லாட்ஜ் லைசென்ஸ்ல உங்க பேரும் இருக்கே, தெரியும்ல?" என்றார்.

"தெரியும் சார்."

"உப்பு விஷயம் வெளிய வந்தா லைசென்ஸ் போயிடும். உங்களுக்கும் சேர்த்துத்தான்."

"போகட்டும் சார். ஆளுங்க போகாம இருந்தா போதும்."

அவர் பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினார். பிறகு தாளை நகர்த்தி வைத்தார். எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்களிடம் மறைக்க விரும்பவில்லை, அதனால் நானே சொல்கிறேன். கோபம் வரும். வரட்டும். கோபத்தோடாவது கீழே இறங்கி வாருங்கள், என் வீட்டு வாசலில் நின்று திட்டுங்கள். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வந்து திட்டுங்கள்.

மச்சான்


ஜூலை 21

நோட்டீஸ் வந்தது. பூங்கா ஆட்கள் இரண்டு பேர் கொட்டுகிற மழையில் மேலே ஏற மனமில்லாமல், சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, கண்ணாடி வழியாகவே சரிவைப் பார்த்துவிட்டு, தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். மழை விட்ட பிறகு நிபுணர் வருவாராம். அதுவரை புது விருந்தாளிகளைச் சேர்க்கக் கூடாதாம். தாள் அடுப்புக்குப் போய்விட்டது. நன்றாக எரிந்தது.

கூடப் பிறந்தவள் குடியிருக்கிற வீட்டின்மேல் புகார் எழுதிக் கொடுத்த அண்ணனை இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. நீங்கள் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது மலத்தட்டு எடுத்தவன் நான். அதைச் சொல்லிக் காட்டக் கூடாது என்று இருந்தேன். சொல்ல வைத்துவிட்டீர்கள். உங்கள் தங்கை அன்று முழுக்க அழுதாள். யார்மேல் கோபம் என்று கேட்டேன், எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

கால் உடைந்ததிலிருந்து இந்த லாட்ஜ் நன்றாக நடப்பது உங்களுக்குப் பொறுக்கவில்லை. வழிகாட்டி இல்லாமலும் விருந்தாளிகள் வருகிறார்களே என்ற எரிச்சல். அவ்வளவுதான் விஷயம்.

இனி எழுத வேண்டாம். எழுதினாலும் பிரிக்க மாட்டேன். கதவைச் சீவியாகிவிட்டது. இப்போது சாத்தினால் மேலே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி தெரிகிறது. அதற்கும் நீங்கள் ஏதாவது சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.


ஆகஸ்ட் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பிரிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தீர்கள். உறையின்மேல் 'ஆஸ்பத்திரி விஷயம்' என்று எழுதச் சொல்லித் தையல்காரர்தான் யோசனை சொன்னார். பிரித்துவிட்டீர்கள் என்றால் அவருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

சண்டையைப் பற்றி எழுதவில்லை. நீங்கள் சொன்னதெல்லாம் சரியாகவே இருக்கட்டும். என் காலில் சீழ் வைத்துவிட்டது. பழைய இடத்திலேதான். முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று சொல்கிறார்கள். கையெழுத்துப் போட ரத்த சொந்தம் யாராவது வர வேண்டுமாம். எனக்கு இருக்கிற ஒரே ரத்த சொந்தம் உங்களிடம்தான் இருக்கிறது.

தங்கச்சியை உடனே அனுப்பி வையுங்கள். இதே வண்டியில் திரும்பி வரட்டும். டிரைவரிடம் மெதுவாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன். முன் சீட்டில் தலையணை போட்டு வைத்திருக்கிறான். வேறு எதுவும் கேட்கவில்லை. இனி எப்போதும் எதுவும் கேட்க மாட்டேன்.

உங்கள் மச்சான்


ஆகஸ்ட் 6

என் அருமை மச்சானுக்கு,

பிரித்தேன். படித்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். போன கடிதத்தில் என்ன வார்த்தையெல்லாம் எழுதினேன், மச்சான். அதை நீங்கள் படுக்கையில் கிடந்து படித்திருப்பீர்கள் என்று நினைக்கும்போது எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருக்கிறது. தட்டு எடுத்ததைச் சொல்லிக் காட்டிய வாயைத் தைத்துக்கொள்ள வேண்டும். இன்னும் நூறு தடவை எடுக்கிறேன். கால் இல்லாவிட்டால் என்ன, உங்களைத் தூக்கிக்கொண்டு மலையெல்லாம் நடக்க நான் இருக்கிறேன்.

நானே வருகிறேன். உங்கள் தங்கை செய்தியைக் கேட்டதும் பையை எடுத்து வைத்துவிட்டாள். செருப்பு மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறவே போய்விட்டாள். நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன். ரோட்டைப் பார்த்தீர்களானால் நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். பாதி ரோடு சேறு. வண்டி வழுக்கி வழுக்கித்தான் வந்திருக்கிறது. எட்டு மாத வயிற்றோடு அவளை அதில் குலுக்கி எடுத்து, வழியில் ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால், ஆபரேஷன் மேசையில் கிடக்கிற உங்களுக்கு யார் பதில் சொல்வது? கையெழுத்துக்கு மாப்பிள்ளை போதாதா? போதாது என்று சொல்கிற டாக்டரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

"என் அண்ணன், நான்தான் போகணும்" என்று இன்னும் அழுதுகொண்டிருக்கிறாள். அழட்டும். பத்திரமாக இருந்து அழட்டும். மாடி அறை சில்லென்று இருப்பதால், சமையலறையை ஒட்டிய பின்னறையில் அவளுக்குப் படுக்கை போட்டுக் கொடுத்துவிட்டேன். பாய்லர் சுவருக்கு அந்தப் பக்கம், கதகதப்பாக இருக்கும். மழைக்காலச் சலுகையைப் பார்த்து ஒரு குடும்பம் வந்து தங்கியிருக்கிறது. சமையல்காரம்மாவும் இருக்கிறார். அதனால் அவள் தனியாக இல்லை.

சின்னச் சின்னத் தொல்லைகள்தான். சரிவிலிருந்து குழாயில் வருகிற ஊற்றுத் தண்ணீர் ஒரு வாரம் கலங்கலாக வந்தது, நேற்றிலிருந்து அடியோடு நின்றுவிட்டது. இந்த மழையில் ஊற்று நிற்குமா? குழாய்தான் எங்கோ அடைத்திருக்கும், திரும்பி வந்ததும் பார்க்கிறேன். உங்களுக்கு ஒரு நல்ல சேதி: ஆடுகள் தென்பட்டுவிட்டன! நம் சரிவில் இல்லை, பள்ளத்தாக்குக்கு எதிர்ப்பக்க முகட்டில். மந்தை மொத்தமும் வரிசையாக நிற்கிறது, மழையில் நனைந்துகொண்டு. மேயவே இல்லை. எல்லாம் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கின்றன. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே குஷி, படமாக எடுத்துத் தள்ளுகிறார்கள்.

இந்தக் கடிதத்தை வண்டியில் முதலில் அனுப்புகிறேன். நாளை இவர்களுக்கு விறகும் தண்ணீரும் சேர்த்து வைத்துவிட்டு, நான் நாளை மறுநாள் விடிந்ததும் கிளம்புகிறேன். ரோட்டை நம்ப முடியாது, அதனால் நாம் பழைய நாட்களில் இறங்குவோமே, அந்தக் காட்டுக் குறுக்குப் பாதையில் மறுபக்கம் இறங்கி ரயிலைப் பிடித்துவிடுவேன். நான் வரும்வரை அவர்களைக் கத்தியைத் தொட விடாதீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை


ஆகஸ்ட் 8

மாப்பிள்ளை,

தையல்காரர் இதை உங்கள் கையில் கொடுக்கும்போது நான் மாடியில் இருக்க மாட்டேன். ஆஸ்பத்திரிக்கும் ஓட வேண்டாம், அங்கேயும் இல்லை. முதலில் உட்காருங்கள்.

என் காலுக்கு ஒன்றும் இல்லை. சீழும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. பொய் சொன்னேன். சரிவைப் பற்றி எழுதிய உண்மை எதையும் நீங்கள் நம்பவில்லை. பொய்யையாவது நம்புவீர்கள் என்று நினைத்தேன். நம்பினீர்கள். அண்ணனுக்கு ஒன்று என்றால் தங்கச்சி ஓடி வருவாள் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் ஓடி வருவீர்கள் என்று போடவில்லை. நீங்கள் இவ்வளவு நல்லவர் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது, மாப்பிள்ளை. அவ்வளவு திட்டிய பிறகு, இவ்வளவு பெரிய மழையில், எனக்காகக் காட்டுப் பாதையில் இறங்குவீர்கள் என்று தோன்றவே இல்லை. அவள் வண்டியில் ஏறப்போனாள் என்று படித்த இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை.

வண்டி வழியில் சேற்றில் சிக்கி, உங்கள் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. நேற்றே வந்திருந்தால் நீங்கள் கிளம்புவதற்குள் யாரையாவது அனுப்பியிருப்பேன். இப்போது நீங்கள் காட்டுக்குள் எங்கே இருக்கிறீர்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

குழாய் அடைக்கவில்லை. அந்தத் தண்ணீர் எல்லாம் மலைக்குள்ளே நிற்கிறது. பின்னறைக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான்.

பூங்கா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "செக்போஸ்ட்டுக்கு வயர்லெஸ்ல சொல்லலாம் சார். ஆனா இந்த மழையில அங்கேர்ந்து லாட்ஜ் வரைக்கும் யாரு நடப்பாங்க?" என்று கேட்டார்கள். நான் நடப்பேன் என்று சொன்னேன். சிரித்தார்களா இல்லையா என்று தெரியவில்லை, லைன் சரியில்லை.

டிரைவர் முதலில் முடியவே முடியாது என்று நின்றான். அவன் பெண்டாட்டி உள்ளேயிருந்து வந்து அவனைப் பார்த்த பார்வையில் சாவியை எடுத்தான். "செக்போஸ்ட் வரைக்கும்தான் அண்ணே. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டான். போதும். அங்கிருந்து மேலே எனக்கு எல்லா வளைவும் தெரியும். காலில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். டாக்டர் இன்னும் கைத்தடியை விடச் சொல்லவில்லை, அது ஒன்றுதான் உண்மை. மெதுவாகத்தான் நடக்க முடியும். ஆனால் நின்றுவிட மாட்டேன்.

சாவி தையல்காரரிடம் இருக்கிறது. டின்னில் அரிசி இருக்கிறது, மண்ணெண்ணெய் அடுப்பு கொஞ்சம் மக்கர் செய்யும், திரியை ஏற்றிவிட்டுப் பற்றவையுங்கள். நனைந்து வந்திருப்பீர்கள், கொடியில் என் வேட்டி காய்கிறது, எடுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.

இதைப் படித்ததும் நீங்கள் திரும்பி மலைக்கு ஓடத்தான் பார்ப்பீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன், போகாதீர்கள். நீங்கள் இங்கே வந்து சேருவதற்குள் அங்கே நடக்க வேண்டியது இரண்டில் ஒன்று நடந்து முடிந்திருக்கும். அவளையும் மற்றவர்களையும் நான் வெளியே நடத்திக் கூட்டிக்கொண்டு வந்தேன் என்றால், நேராக இந்தப் படிக்குத்தான் வருவோம். வராவிட்டாலும், நாம் எல்லோரும் ஒரே சரிவுக்குக் கீழே நின்றதாக இருக்கக் கூடாது. நான், அவள், அவள் வயிற்றுப் பிள்ளை, எங்கள் மூன்று பேருக்காகவும் யாராவது ஒருவர் மிச்சம் இருக்க வேண்டும்.

டிரைவர் ஹாரன் அடிக்கிறான். இரவு படியில் விளக்கை எரிய விடுங்கள், அவளுக்கு இந்தப் படிக்கட்டு பழக்கமில்லை.

மச்சான்